ஏறும்போது மூச்சு, இறங்கும்போது கால்

போடிநாயக்கனூரிலிருந்து இடுக்கி எல்லையிலுள்ள போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஊருக்கும் மெட்டுக்கும் இடையே ஏறத்தாழ 1,000 மீட்டர் உயர வித்தியாசம். இந்தச் சாலையில் இருவர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் கீழிருந்து மேலே, மற்றவர் மேலிருந்து கீழே. ஏறுகிறவருக்கு இரண்டாவது வளைவிலேயே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். இறங்குகிறவர் ஊர்க்கதை பேசிக்கொண்டே வருவார். இரண்டு நாள் கழித்து இருவரையும் பாருங்கள். ஏறியவர் ஓரளவு இயல்பாக நடப்பார். இறங்கியவர்தான் மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாகக் கால் வைப்பார். அதிகம் உழைத்தவருக்கு வலி குறைவு. சுலபமாக வந்தவருக்கு வலி அதிகம்!

பல ஆண்டுகள் விட்டுவிட்டு மறுபடி ஓடத் தொடங்குகிறவர்களுக்கு மலைகூட வேண்டாம். பாலக்காட்டுச் சமவெளியில், சித்தூர்ப் பக்கம் ஏதாவது ஒரு வாய்க்கால் கரையில் அரை மணி நேரம் ஓடினாலே போதும். அன்று மாலை ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் கெண்டைக்கால் இறுகியிருக்கும். அதற்கடுத்த நாள் தொட்டாலே வலிக்கும். ஒரு வாரத்துக்குள் வந்த சுவடு தெரியாமல் போய்விடும். இதற்குத் தாமதத் தசைவலி என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். பழகாத வேலையைச் செய்த 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம் தொடும் வலி இது.

ஏன் தாமதம்? ‘லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது’ என்பார்கள் உடற்பயிற்சிக் கூடத்தில். விளக்கம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நேரம் பொருந்தவில்லை. ஓட்டத்தில் உயரும் லாக்டேட் (உடலில் அந்த அமிலம் இருக்கும் வடிவம்), ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் ஏறத்தாழப் பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது. இதயமும் மற்ற தசைகளும் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. வலியோ மறுநாள்தான் வருகிறது. 1983இல் வெளியான ஓர் ஆய்வு இந்தச் சந்தேகத்தை நேரடியாகவே சோதித்தது. ஓடுபொறியில் சிலரைச் சமதளத்திலும் சரிவிலும் 45 நிமிடம் ஓடவிட்டார்கள். சமதள ஓட்டத்தில் லாக்டேட் உயர்ந்தது, பின்னால் வலி வரவில்லை. சரிவில் லாக்டேட் உயரவே இல்லை, வலி வந்தது. அமிலத்தின் மீதான குற்றச்சாட்டு அத்தோடு தள்ளுபடி.

அதற்கு 80 ஆண்டுகளுக்கு முன்பே, 1902இல், தியோடர் ஹாஃப் என்ற அமெரிக்க உடலியலாளர் வேறொரு காரணத்தைச் சொல்லியிருந்தார்: தசைக்குள்ளேயே நுண்ணிய கிழிசல்கள். எங்கே, எப்படி என்று பார்க்க, கெண்டைக்காலுக்குள் நுழைய வேண்டும்.

அங்கே முக்கியமாக இருப்பவை இரண்டு தசைகள். வெளியே இரண்டு மேடுகளாகத் திரண்டு தெரிவது காஸ்ட்ராக்னீமியஸ். அதன் அடியில் தட்டையாகப் படர்ந்திருப்பது சோலியஸ். மேல்தசை முழங்காலுக்கு மேலிருந்து தொடங்குகிறது. அடித்தசை முழங்காலுக்குக் கீழே தொடங்குகிறது. எது வலிக்கிறது என்று நீங்களே கண்டுபிடிக்க இந்த அமைப்பு ஒரு வழி தருகிறது. சுவரில் கையூன்றி, காலைப் பின்னால் நீட்டி, முழங்காலை நேராக வைத்துச் சாயும்போது இழுத்தால் பெரும்பாலும் மேல்தசை. முழங்காலை மடக்கிச் சாயும்போதும் இழுத்தால் அடித்தசை.

இரண்டில் சோலியஸ் அதிகம் பேசப்படாத உழைப்பாளி. அதன் நார்களில் ஏறத்தாழ 80 சதவீதம் மெதுவாக இயங்கி, நெடுநேரம் தளராதவை. நீங்கள் பேருந்துக்காக நிற்கும் நேரமெல்லாம் உடல் முன்னால் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதுதான். இன்னொரு வேலையும் செய்கிறது. ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் காலின் சிரைகளை அழுத்தி, ரத்தத்தை இதயத்தை நோக்கி மேலே தள்ளுகிறது. சிரைகளுக்குள் இருக்கும் ஒருவழி வால்வுகள் ரத்தம் திரும்ப இறங்காமல் தடுக்கின்றன.

இந்த இரு தசைகளும் கீழே ஒன்றுசேர்ந்து குதிகால் நாணாக மாறுகின்றன. தசைநாண் என்பது தசையை எலும்போடு கட்டும் வெண்ணிறக் கயிறு. உடலிலேயே தடித்த, வலுவான நாண் இதுதான். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் அதன் மீது விழும் இழுவிசை உடல் எடையைப்போல் 6 முதல் 8 மடங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 25 கிலோ அரிசி மூட்டைகள் பதினாறைக் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். பின்லாந்தின் பாவோ கோமி, தன்னார்வலர்களின் குதிகால் நாணிலேயே அளவுமானியைப் பொருத்தி ஓடவிட்டார். வேக ஓட்டத்தில் 12 மடங்கு வரை பதிவானது.

இவ்வளவு விசை வீணாகப் போவதில்லை. கால் தரையில் பதியும்போது நாண் சற்றே நீள்கிறது. உந்தி எழும்போது சுருங்கி, வாங்கியதில் 90 சதவீதத்துக்கு மேல் திருப்பித் தருகிறது. 1987இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் போட்ட கணக்குப்படி, ஓட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் உடல் இழந்து மறுபடி பெற வேண்டிய ஆற்றலில் சுமார் 35 சதவீதத்தைக் குதிகால் நாணும், 17 சதவீதத்தைப் பாதத்தின் வளைவும் சேமித்துத் தருகின்றன. பாதிக்கு மேல் இலவசம்! தசை செய்ய வேண்டியது, நாண் நீண்டு சுருங்கும் அந்தக் கால் நொடிக்குள் தன் முனையை விடாமல் பிடித்திருப்பது மட்டும்தான்.

இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்பதில்தான் சிரமம். இடுக்கி மலையில் பிறந்த பிரீஜா ஸ்ரீதரன் 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரை 31 நிமிடம் 50 நொடியில் ஓடித் தங்கம் வென்றார். நிமிடத்துக்கு 180 அடி என்று கொண்டால், மொத்தம் 5,700 அடிகளுக்கு மேல். ஒவ்வொரு கெண்டைக்காலுக்கும் ஏறத்தாழ 2,850 பிடிகள். நம்மைப் போன்றவர்கள் வாய்க்கால் கரையில் ஓடும் அரை மணி நேரத்துக்கும் கணக்கு பெரிதாக மாறாது. வேகம்தான் குறைவு, அடிகள் கிட்டத்தட்ட அதே.

தசை எப்படிப் பிடிக்கிறது? நாரை நுண்ணோக்கியில் பார்த்தால் குறுக்கே வரிவரியாகத் தெரியும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைப்பட்ட பகுதிக்குச் சார்கோமியர் என்று பெயர். தசை சுருங்குவதன் மிகச் சிறிய அலகு இது. நீளம் சுமார் 2.5 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் முப்பது அடங்கும். 5 செ.மீ. நீளமுள்ள ஒரு நாரில் முனையோடு முனையாக 20,000 சார்கோமியர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் மயோசின் என்ற புரதம் ஆயிரக்கணக்கான நுண்கைகளால் ஆக்டின் என்ற புரத இழையைப் பற்றி இழுக்கிறது. ஓர் இழுப்பின் தூரம் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இந்தச் சில்லறை இழுப்புகள் சேர்ந்துதான் 60 கிலோ உடம்பைத் தரையிலிருந்து தூக்குகின்றன.

இப்போது இறக்கத்துக்கு வருவோம். இறங்கும்போது கால் தசைகள் உடலைத் தள்ளுவதில்லை, விழாமல் தடுக்கின்றன. சுருங்க முயன்றுகொண்டிருக்கும்போதே தசை வலுக்கட்டாயமாக நீட்டப்படுகிறது. இதை நீள்சுருக்கம் என்போம். இதன் சிக்கனத்தை 1952இல் லண்டனில் ஒரு வேடிக்கையான சோதனை காட்டியது. இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் பின்னோக்கிச் சுழலும் மிதியைத் தடுக்க வேண்டும். தடுத்தவர் சிறிய உருவமுள்ள ஒரு பெண். மிதித்தவர் ஓர் ஆண். விசை இருவருக்கும் ஒன்றேதான். ஆண் களைத்துப்போனார், அந்தப் பெண்ணுக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

காரணம் நுண்கைகளில் இருக்கிறது. சாதாரண இழுப்பில் ஒவ்வொரு கையும் பிடியை விட்டு மறுபடி பற்ற ஓர் எரிபொருள் மூலக்கூறு செலவாகும். நீள்சுருக்கத்தில் பல கைகள் வெளிவிசையாலேயே பிய்த்து எடுக்கப்படுகின்றன, எரிபொருள் மிச்சம். அதே சமயம் ஒரு நார் தாங்கும் விசை அதிகம். ஆகவே மூளை குறைந்த நார்களையே வேலைக்கு அழைக்கிறது. குறைந்த ஆள், கூடுதல் சுமை. சேதம் இங்கேதான் தொடங்குகிறது.

இத்தாலிய ஆய்வாளர் அல்பெர்ட்டோ மினெட்டியும் குழுவினரும் 2002இல் மலை ஓட்டக்காரர்களை வைத்து அளந்த எண்கள் போடிமெட்டுப் புதிரை அவிழ்த்துவிடுகின்றன. 100 அடி போக 45 அடி ஏறும் கடும் ஏற்றத்தில் ஓட, சமதளத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் ஆற்றல் தேவை. 100 அடிக்கு 20 அடி இறங்கும் சரிவிலோ சமதளத்தில் பாதி ஆற்றல் போதும். நுரையீரலுக்கு மிக மலிவான பாதை, தசைக்கு மிக விலையுயர்ந்த பாதை. இறக்கத்தில் முன்தொடை முதலில் அடிபடுகிறது, கெண்டைக்கால் அதன் கூட்டாளி. ஏற்றமும் கெண்டைக்காலை முழுதாக விட்டுவைப்பதில்லை. பாதம் மேல்நோக்கி மடங்கியே பதிவதால், நீண்ட நிலையிலிருந்தே அது உழைத்தாக வேண்டும். முன்பாதத்தை ஊன்றி ஓடும் பழக்கமும், குதிப்பகுதி தாழ்ந்த புதுக் காலணியும் இதே சுமையைச் சமதளத்திலேயே கொண்டுவந்துவிடும்.

சேதம் எப்படி இருக்கும்? இடுக்கியில் ஓணத்துக்கு நடக்கும் வடம்வலி என்ற கயிறிழுப்புப் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரணி இழுக்கும்போது வரிசையில் எல்லோரும் ஒரே நேரத்தில் சறுக்குவதில்லை. பலம் குறைந்த ஒருவர் முதலில் சறுக்குவார். அவர் பங்குச் சுமை மற்றவர்கள் மீது பாயும். 20,000 சார்கோமியர் வரிசையிலும் பலவீனமானவை அப்படித்தான் அளவுக்கு மீறி நீண்டுவிடுகின்றன என்பது தசையியலில் செல்வாக்குள்ள ஒரு விளக்கம். 1981இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், திரும்பத் திரும்ப மாடிப்படி இறங்கியவர்களின் சோலியஸிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். நேர்கோடாக இருக்க வேண்டிய வரிகள் அங்கங்கே கலைந்து, வழிந்து கிடந்தன.

சேதம் அன்றே நடந்துவிட்டது. பழுதுபார்க்கும் வேலைதான் மறுநாள் சூடுபிடிக்கிறது. நோய்த்தடுப்புச் செல்கள் வந்து சேர்கின்றன. திசு சற்று வீங்குகிறது. அங்கே சுரக்கும் வேதிப்பொருள்கள் வலி நரம்புகளின் உணர்திறனைக் கூட்டுகின்றன. இதனால் சாதாரண அழுத்தமும் நீட்டலும்கூட வலியாகத் தெரிகின்றன. சும்மா உட்கார்ந்திருந்தால் ஒன்றுமில்லை, எழுந்தால் ‘ஐயோ’. தாமதத்தின் ரகசியம் இதுதான்.

பழுதுபார்ப்பவர்களும் விந்தையானவர்கள். நம் செல் வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே ஓர் உட்கரு. தசை நாருக்கோ நூற்றுக்கணக்கில். நாரில் கிழிசல் ஏற்பட்டால் அருகிலுள்ள உட்கருக்கள் சில மணி நேரத்துக்குள் அந்த இடத்துக்கு நகர்ந்து போய், அங்கேயே புதிய புரதம் தயாரிக்க உத்தரவு கொடுக்கின்றன. எலிகளிலும் மனித ஓட்டக்காரர்களிலும் இது நடப்பது 2021இல்தான் தெரியவந்தது. சேதம் பெரிதாக இருந்தால் நாரின் ஓரத்தில் உறங்கிக்கொண்டிருக்கும் துணைச் செல்கள் விழித்துப் பெருகி நாரோடு ஒன்றிவிடுகின்றன. 1961இல் அலெக்சாண்டர் மௌரோ இவற்றைக் கண்டு சொன்னார்.

பழுது பார்த்த தசை பழைய தசையாகத் திரும்புவதில்லை, இன்னும் உறுதியாகிறது. ஒரே ஒரு முறை இறக்கத்தில் ஓடி வலி கண்டவருக்கு, சில வாரம் கழித்து அதே ஓட்டம் மிகக் குறைவாகவே வலிக்கும். கைத் தசைகளில் செய்த ஆய்வில் இந்தப் பாதுகாப்பு ஆறு மாதம் வரைகூட நீடித்தது. எலிகளைச் சரிவில் ஓடவிட்டபோது அவற்றின் தொடைத் தசையில் சார்கோமியர் வரிசையே நீண்டுவிட்டது. சுமையைப் பங்கிட ஆள் கூடியது. மூணாறு தேயிலைச் சரிவுகளில் தினமும் ஏறி இறங்குகிற பெண்களும், கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போய்வரும் தேனித் தொழிலாளர்களும் அலட்டிக்கொள்ளாத சரிவு, சமவெளியிலிருந்து சுற்றுலா வந்தவரை இரண்டு நாள் முடக்கிவிடுவது இதனால்தான்.

அப்படியானால் திரும்பி வருகிறவர் வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கலாமா? இங்கேதான் எச்சரிக்கை தேவை. உடலின் பாகங்கள் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை. மூச்சும் இதயமும் சில வாரங்களில் மேம்படுகின்றன. தசை அதைப் பின்தொடர்கிறது. நாண் உறுதியாக மாதக்கணக்கில் ஆகும். நாண் எவ்வளவு நிதானமானது என்பதை அணுகுண்டுகள் காட்டிக்கொடுத்தன. 1955 முதல் 1963 வரை நடந்த வெடிப்புச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 அளவை ஏறத்தாழ இருமடங்காக்கின. அந்தக் காலத்தில் உருவான திசுக்களில் அதன் முத்திரை பதிந்தது. 2013இல் டென்மார்க் ஆய்வாளர்கள் குதிகால் நாணின் மையப்பகுதியில் அந்த முத்திரையை அளந்தார்கள். வாழ்வின் முதல் 17 ஆண்டுகளில் உருவான திசு அதற்குப் பிறகு பெரும்பாலும் புதுப்பிக்கப்படவே இல்லை! 45 வயதில் நீங்கள் ஓடுவது பள்ளிக்கூட நாளில் நெய்த நாணின் மீதுதான்.

திரும்பி வர முடியாது என்று இதற்குப் பொருள் அல்ல. இடுக்கி மாவட்டம் தொடுபுழாவைச் சேர்ந்த ஷைனி வில்சன் தாயான பிறகு ஓட்டத்துக்குத் திரும்பினார். 1995இல் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டில் 800 மீட்டரை 1 நிமிடம் 59.85 நொடியில் ஓடினார். அதுவரை அவர் ஓடியதிலேயே அதுதான் மிக வேகம்.

வழி எளிது, பொறுமைதான் வேண்டும். முதல் வாரங்களில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதலில் சமதளம், பிறகு ஏற்றம், கடைசியாகச் சிறு சிறு இறக்கம். இறக்கத்தில் அடிகளைக் குட்டையாக்குங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள், படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, இரு காலால் எழும்பி மெதுவாகக் குதிகாலை இறக்குங்கள். முழங்காலை நேராக வைத்துச் சில முறை, சற்று மடக்கிச் சில முறை. இறக்கத்துக்குக் கெண்டைக்காலைப் பழக்கும் மலிவான மருந்து இது.

வலி வந்துவிட்டால்? மெதுவான நடையும் இதமாகப் பிடித்துவிடுவதும் ஆறுதல் தரும். முன்னும் பின்னும் தசையை நீட்டுவது பெரிதாக உதவாது; 2011இல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், 100க்கு அதிகபட்சம் 4 புள்ளி வரைதான் வலி குறைந்தது. வலி நிவாரணி மாத்திரையை விழுங்கிவிட்டு வெயிலில் ஓடுவது சிறுநீரகத்துக்கு ஆபத்து. வலி இருக்கும் நாள்களில் தசையின் பலமும் குறைந்திருக்கும் என்பதால் வேக ஓட்டம் வேண்டாம்.

எல்லாக் கெண்டைக்கால் வலியும் இந்தத் தாமதத் தசைவலி அல்ல. ஓடும்போது திடீரென யாரோ பின்னாலிருந்து அடித்ததுபோல் சுரீரென்றால் தசையோ நாணோ கிழிந்திருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, நிறம் மாறினால் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் தசைச் சிதைவு சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம். கேரளத்து மழைக்காலத்தில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு, கூடவே கெண்டைக்காலைத் தொட்டால் வலி என்றால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மலையாளத்தில் எலிப்பனி என்பார்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலிலுள்ள சிறு புண் வழியாக நோயை ஏற்றிவிடுகிறது. 2018 வெள்ளத்துக்குப் பின் கேரளத்தில் இது பரவியபோது அரசு தடுப்பு மருந்தாக டாக்சிசைக்ளின் மாத்திரைகளை விநியோகித்தது. தேங்கிய நீரில் ஓடிய சில நாள்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால், ஓட்டத்தின் மீது பழியைப் போடாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

மற்றபடி, இரண்டு காலும் ஒரேபோல் வலித்து, நடக்க நடக்கத் தளர்ந்து, ஒரு வாரத்துக்குள் மறையும் வலி பயப்பட வேண்டிய வலி அல்ல. மறுபடி ஓடத் தொடங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: ‘மூச்சு வாங்கவில்லையே, இன்னும் இரண்டு கிலோமீட்டர் போகலாம்’ என்று நுரையீரல் சொல்வதைக் கேட்டுத் தூரத்தைக் கூட்டாதீர்கள். உடலில் எது எல்லாவற்றையும்விட மெதுவாகத் திரும்புகிறதோ, அந்தக் குதிகால் நாணின் வேகத்துக்கு உங்கள் திட்டத்தை எழுதுங்கள்.